அனைத்தும் அடக்கம்

ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழ்களில் வீடு வாங்குவோருக்கு நிதி ஆலோசகர்கள் அறிவுரை எழுதுகிறார்கள். விலைக்கு மேல் ஒரு பத்து, பதினைந்து சதவீதத்தைத் தனியாக எடுத்து வையுங்கள், எதிர்பாராத செலவுகள் வரும், முன்யோசனை இல்லாதவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள் என்பது அதன் சாரம். படிப்பவரும் தன் பொறுப்பின்மையை நொந்துகொண்டு பக்கத்தைத் திருப்புவார். அடுத்தது முழுப்பக்க விளம்பரம். பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி இரண்டு படுக்கையறை வீடு, 65 லட்சம் முதல். 'முதல்' பக்கத்தில் கொசு உட்கார்ந்த மாதிரி ஒரு நட்சத்திரக் குறி.

எதிர்பாராத செலவாம். யார் எதிர்பாராதது? அஸ்திவாரம் தோண்டும் முன்பே பில்டருக்குத் தெரியும். பத்திரப்பதிவுத் துறைக்குத் தெரியும், சதவீதக் கணக்கில் அரசாணையாகவே போட்டு வைத்திருக்கிறது. ஜிஎஸ்டி அலுவலகத்துக்குத் தெரியும், வருமான வரித்துறைக்குத் தெரியும், வங்கி மேலாளருக்குப் பைசா சுத்தமாகத் தெரியும். இந்த வியாபாரத்தில் கை வைக்கும் அத்தனை பேருக்கும் தெரிந்த மொத்தத் தொகை, பணம் கட்டுகிற ஒரே ஒருவருக்கு மட்டும் தவணை தவணையாகத் தெரிய வருகிறது. பறிகொடுத்தவனை உட்கார வைத்து, உனக்குத் திட்டமிடல் போதாது என்று வகுப்பெடுப்பதற்குப் பெயர் நிதி ஆலோசனை.

அந்த 65 லட்சத்தையே எடுத்துக்கொள்வோம். சதுரடி 6,500 ரூபாய், 1,000 சதுரடி. தொகைகள் நான் உதாரணத்துக்கு வைத்தவை. தலைப்புகளில் ஒன்றுகூட என் கற்பனை இல்லை, அவ்வளவு கற்பனை எனக்குக் கிடையாது.

மாடல் ஃபிளாட்டில் ஏசி ஓடுகிறது. கையில் ஜூஸ் கொடுத்திருக்கிறார்கள். விற்பனைப் பையன் நல்ல பையன், டை கட்டியிருக்கிறான், மாத டார்கெட் கழுத்தை நெரிப்பது முகத்தில் தெரிகிறது.

"தம்பி, மொத்தமா எவ்வளவு ஆகும்?"

"65 தான் சார்."

"எல்லாம் சேர்த்தா?"

"பேஸ் பிரைஸ் 65 சார். மத்ததெல்லாம் ஆக்சுவல்ஸ்."

"அந்த மத்தது எவ்வளவுன்னுதான் கேக்குறேன்."

"ஒரு லட்சம் டோக்கன் போட்டு யூனிட்டை பிளாக் பண்ணிடுங்க சார். காஸ்ட் ஷீட் மெயில்ல வந்துடும். இந்த ரேட் சனிக்கிழமை வரைக்கும்தான்."

டோக்கன் போட்ட மறு நிமிடம் மெயில் வருகிறது. அதில் கார் நிறுத்துமிடம் 3 லட்சம். கிளப் ஹவுஸ் உள்ளிட்ட வசதிகளுக்கு ஒன்றரை லட்சம். கிளப் ஹவுஸ் என்றால் ஒரு டேபிள் டென்னிஸ் மேசையும் பூட்டிய கதவும். மின் இணைப்பு, குடிநீர், கழிவுநீர் வகையில் இன்னொரு ஒன்றரை லட்சம். மின்சாரமும் கழிவுநீர்க் குழாயும் இல்லாமல் 65 லட்சத்துக்கு எதை விற்பதாக இருந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஆக 71 லட்சம். கட்டி முடிக்காத வீடு என்பதால் அதன் மேல் 5 சதவீத ஜிஎஸ்டி, 3,55,000. பத்திரச் செலவு 7 சதவீதம், 4,97,000. கார்பஸ் ஃபண்ட் 50,000. இன்னும் பெருக்காத மாடிப்படிக்கு இரண்டு வருடப் பராமரிப்பு முன்பணம், மாதம் சதுரடிக்கு 4 ரூபாய் வீதம் 96,000. அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 17,280. கடைசியாக 'லீகல் சார்ஜஸ்' 25,000. பில்டரின் வக்கீல், பில்டரைக் காப்பாற்ற, உங்களுக்கு எதிராக எழுதிய ஒப்பந்தத்துக்கு நீங்கள் கொடுக்கும் கூலி அது. ஒரு வரியைத் திருத்தச் சொல்லிப் பாருங்கள். "இது ஸ்டாண்டர்ட் ஃபார்மேட் சார்" என்பான் பையன்.

கூட்டினால் 81 லட்சத்து 40 ஆயிரம் தாண்டுகிறது. விளம்பர விலைக்கு மேல் கால் பங்கு. ஆலோசகரின் பேச்சைக் கேட்டுப் பதினைந்து சதவீதம் எடுத்து வைத்த உத்தமரும் மாட்டிக்கொண்டார். வங்கிச் செலவும் கப்போர்டும் இன்னும் இந்தக் கணக்குக்குள் வரவே இல்லை.

கார் நிறுத்துமிடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டில்ட் தளத்தில் வண்டி விடும் இடம் எல்லோருக்கும் பொதுவானது, அதை வீட்டிலிருந்து பிரித்துத் தனிச் சரக்காக பில்டர் விற்க முடியாது என்று மும்பை வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டம் திறந்தவெளி நிறுத்துமிடத்தைப் பொதுப் பகுதிப் பட்டியலில் சேர்த்தது. பில்டர்கள் சட்டத்தை மதிப்பவர்கள். விற்பதை நிறுத்திவிட்டார்கள். இப்போது 'ஒதுக்கீடு' செய்கிறார்கள். ஒதுக்கீட்டுக் கட்டணம் அதே 3 லட்சம்.

அதே சட்டம் கார்ப்பெட் ஏரியா கணக்கில், அதாவது சுவருக்குள் நீங்கள் காலை வைக்கக்கூடிய பரப்பில்தான் விற்க வேண்டும் என்கிறது. விளம்பரத்து 1,000 சதுரடியில் அது எழுநூறு சொச்சம் இருந்தால் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கலாம். மீதி, லிஃப்ட் குழியிலும் வராந்தாவிலும் ஜெனரேட்டர் அறையிலும் உங்களுக்குள்ள பங்கு. ஆவணத்தில் கார்ப்பெட், பேச்சில் சூப்பர் பில்ட்-அப். இரண்டு அளவுகோலும் ஒரே மேசையில் இருக்கும், பணம் வாங்கும்போது நீளமானது வெளியே வரும்.

பாவம் அரசு, பில்டர்கள் எங்கெங்கே ஒளித்து வைக்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது போலிருக்கிறது என்று நினைத்தேன். சட்டத்தைப் புரட்டினால்தான் வயிறு எரிகிறது.

குறைந்த விலை வீட்டுக்கு 5 சதவீதத்துக்குப் பதில் 1 சதவீத ஜிஎஸ்டி என்று 2019 ஏப்ரலில் ஒரு சலுகை வந்தது. வீட்டின் விலை 45 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், சென்னை போன்ற பெருநகரத்தில் கார்ப்பெட் பரப்பு 60 சதுர மீட்டரைத் தாண்டக் கூடாது. 45 லட்சத்தை எப்படிக் கணக்கிடுவது? அந்த அறிவிக்கை சொல்கிறது: நிலத்துக்கு வாங்கியது, மேம்பாட்டுக் கட்டணம், நிறுத்துமிடக் கட்டணம், பொது வசதிக் கட்டணம், நல்ல திசைக்கும் மாடிக்கும் வாங்கிய கூடுதல் கட்டணம், அத்தனையும் சேர்த்து. அதே ஆண்டு செப்டம்பர் முதல் வருமான வரிச் சட்டத்திலும் ஒரு திருத்தம். 50 லட்சமும் அதற்கு மேலும் விலையுள்ள சொத்தை வாங்குபவர், விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும் என்பது ஏற்கெனவே இருந்த விதி. திருத்தத்துக்குப் பின் அங்கேயும் விலை என்றால் கிளப் உறுப்பினர் கட்டணம், கார் நிறுத்தும் கட்டணம், மின்சார, குடிநீர் வசதிக் கட்டணம், பராமரிப்புக் கட்டணம் எல்லாம் உள்ளடக்கம்.

பில்டரின் காஸ்ட் ஷீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதிய மாதிரி இருக்கிறது. தலைப்புக்குத் தலைப்பு பொருந்துகிறது. ஆக, இவையெல்லாம் சேர்ந்ததுதான் விலை என்பது தில்லிக்குத் தெரியும். சலுகையை மறுக்கும்போது தெரியும், வரி பிடிக்கும்போது தெரியும். அந்த விலையை விளம்பரத்தில் போடு என்று பில்டரிடம் சொல்லும் இடத்தில் மட்டும் ஞாபக மறதி வந்துவிடுகிறது. அந்த 1 சதவீதத்தைப் பிடித்து, படிவம் நிரப்பி, காலத்தில் தாக்கல் செய்ய வேண்டியவரும் வாங்குபவர்தான். தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய் தண்டம். கடன் வாங்கி வீடு வாங்குகிறவரைச் சம்பளமில்லாத வரி வசூல் குமாஸ்தாவாகவும் நியமித்திருக்கிறார்கள்.

விலையைப் பேரம் பேசி அடித்துக் குறைத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாநில அரசு சந்தோஷப்படாது. தான் நிர்ணயித்த வழிகாட்டி மதிப்புக்குக் கீழே வாங்கியதாகச் சொன்னால் நம்பாது, மதிப்புக்கே முத்திரைத்தாள் கேட்கும். மத்திய அரசு அதற்கும் ஒரு படி மேலே போய், வழிகாட்டி மதிப்பைவிட 10 சதவீதத்துக்கு மேல் மலிவாக வாங்கினாயா, அந்த வித்தியாசம் உன் வருமானம், வரி கட்டு என்கிறது. வராத பணத்துக்கு வருமான வரி.

வழிகாட்டி மதிப்பின் சரித்திரமே தனி நகைச்சுவை. 2017-க்கு முன் முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 1, ஆக 8 சதவீதம். 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தார்கள். ஊரெல்லாம் கைதட்டல். கூடவே பதிவுக் கட்டணம் 1 சதவீதத்திலிருந்து 4 ஆனது. முன்பு ஒரு லட்ச ரூபாய் மதிப்புக்கு 8,000 கட்டியவர், இப்போது 67,000 மதிப்புக்கு 11 சதவீதம், 7,370 ரூபாய் கட்டினார். 630 ரூபாய் மிச்சத்துக்கு அவ்வளவு தாரை தப்பட்டை. 2023 மார்ச் பட்ஜெட்டில் பதிவுக் கட்டணத்தை 4-லிருந்து 2-ஆகப் பாதியாகக் குறைத்தார்கள். மறுபடி கைதட்டல். கூடவே வழிகாட்டி மதிப்பு பழைய 2017 அளவுக்குத் திரும்பியது. ஒரு லட்சத்துக்கு 9 சதவீதம், 9,000. இரண்டு முறை 'குறைத்த' பிறகு, குறைக்காத காலத்தைவிட ஆயிரம் ரூபாய் அதிகம். உரிய நடைமுறையைப் பின்பற்றவில்லை என்று அந்த உயர்வைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைப்படியே புதிய மதிப்புகள் வந்தன. அந்த நடைமுறையில் மதிப்பு எந்தப் பக்கம் போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

புது அடுக்குமாடி வீட்டுக்கு நிலத்தின் பிரிபடாத பாகம் தனி, கட்டுமான ஒப்பந்தம் தனி என்று இருந்ததை 2023 டிசம்பர் முதல் ஒரே பத்திரமாக்கி, 50 லட்சம் வரை 6 சதவீதம், 3 கோடி வரை 7 சதவீதம் என்று வைத்தார்கள். மேலே நான் போட்ட 7 சதவீதம் அதுதான். 9-ஐ விடக் குறைவுதானே என்பார்கள். 9 சதவீதம் நிலப் பங்குக்கு மட்டும் இருந்தது. இப்போதைய 7 சிமென்ட்டுக்கும் சேர்த்து. ஜிஎஸ்டி கட்டிய அதே சிமென்ட்டுக்கு.

பெண்களை மறக்கவில்லை. 2025 ஏப்ரல் முதல் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் தள்ளுபடி. சொத்து மதிப்பு 10 லட்சத்துக்குள் இருந்தால். கிராமத்தில் ஒரு மனை வாங்கும் பெண்ணுக்கு இது உதவும், அதை மறுக்கவில்லை. சென்னையில் 10 லட்சத்துக்கு மூன்று கார் நிறுத்துமிடம் வாங்கி, ஒன்றில் சமைத்து, ஒன்றில் படுத்து, ஒன்றில் விருந்தாளியை உட்கார வைக்கலாம்.

இனி பத்திர ஆபீஸ். 2018-ல் ஸ்டார் 2.0 என்ற மென்பொருள் வந்த பிறகு எல்லாம் இணையவழி. டோக்கன் இணையத்தில், கட்டணம் இணையத்தில், கேமரா பார்த்து முகம், கருவியில் விரல் ரேகை. நேர்மையின் சிகரம். எதிர்க்கடையில் இருக்கும் பத்திர எழுத்தர் மட்டும் ஒரு துண்டுச் சீட்டை நீட்டுகிறார். டைப்பிங், ஜெராக்ஸ், எழுத்துக் கூலி, அதற்குக் கீழே 'இதர' என்று ஒரு தொகை. மேலே உள்ள மூன்றையும் கூட்டினாலும் அதில் பாதி வராது.

"கட்டணமெல்லாம் ஆன்லைன்ல கட்டியாச்சே அண்ணே, இது என்ன?"

"அது கவர்மெண்டுக்கு. இது ஆபீசுக்கு."

"கவர்மெண்டும் ஆபீசும் வேற வேறயா?"

"சார், டோக்கன் கூப்பிடுறாங்க. நீங்க அப்புறமா சண்டை போடுங்க."

அப்புறம் யார் சண்டை போடுவது? உள்ளே விற்பவரின் ஆள் உட்கார்ந்திருக்கிறார், வங்கியின் காசோலை மேசையில் இருக்கிறது, மனைவி லீவு போட்டு வந்திருக்கிறார், ராகுகாலம் பத்தரைக்கு ஆரம்பிக்கிறது. இத்தனையையும் வைத்துத்தான் அந்த 'இதர' நிர்ணயமாகிறது. கருவியில் உங்கள் விரல் ரேகை பதிகிறது, கவரில் எவர் ரேகையும் பதிவதில்லை. லஞ்ச ஒழிப்புத் துறை அவ்வப்போது சார்பதிவாளர் அலுவலகங்களில் சோதனை போட்டு, கணக்கில் வராத பணம் சிக்கியது என்று செய்தி கொடுக்கும். கணக்கில் வராததாம். கடன் வாங்கிக் கொடுத்த எங்கள் கணக்கில் அது வந்துவிட்டதே, அய்யா. வீட்டுச் செலவு நோட்டில் தேதி போட்டு எழுதியிருக்கிறது.

பழைய வீடு வாங்கப் போனவர் கதை வேறு. அங்கே முதல் கேள்வியே "வெள்ளை எவ்வளவு காட்டப் போறீங்க?" என்பதுதான். சொத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று 2015-லேயே சட்டம் வந்தாகிவிட்டது. சம்பளம் முழுக்க வங்கியில் விழுகிற மனிதர், கறுப்புக்கு எங்கே போவார்? ஏடிஎம்மில் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, தன் வெள்ளையைத் தானே கறுப்பாக்கி, பையில் கொண்டுபோய்க் கொடுக்கிறார். கறுப்புப் பணத்தை ஒழிக்கப் போனவர்கள் இந்த வரிசையைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வங்கிக்கு வருவோம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடன் என்றால் வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. 65 லட்சம் விளம்பரத்தைப் பார்த்த நம் ஆள் மனக்கணக்குப் போட்டார்: கையிலிருந்து 13 லட்சம். அது அவரிடம் இருந்தது. அவரும் திட்டமிட்டவர்தான், எட்டு வருடம் சீட்டுக் கட்டியவர். 2012-ல் ரிசர்வ் வங்கி இன்னொன்றும் சொல்லிவிட்டது. முத்திரைத்தீர்வை, பதிவுக் கட்டணம், ஆவணச் செலவு எதையும் வீட்டு மதிப்போடு சேர்க்காதே, ஏனென்றால் நாளை ஏலம் விட்டால் அந்தப் பணம் திரும்பி வராது. 10 லட்சத்துக்குள் உள்ள வீட்டுக்கு மட்டும் 2015-ல் விலக்குக் கொடுத்தார்கள். பதிவுத் துறையும் ரிசர்வ் வங்கியும் தேடித் தேடிச் சலுகை காட்டும் அந்த 10 லட்ச வீடு எங்கே இருக்கிறது என்று இருவரில் ஒருவர் முகவரி கொடுத்தால் நன்றாக இருக்கும்.

ஆக வங்கி 71 லட்சத்துக்கு மேல் ஒன்றையும் பார்க்காது. அதில் 80 சதவீதம் 56,80,000. தேவை 81,40,000. கையிலிருந்து 24,60,000. பதின்மூன்று லட்சத்தோடு போனவரிடம் இருபத்து நாலரை லட்சம் கேட்கிறார்கள். கேட்கும் நேரத்தில் டோக்கன் போயிருக்கிறது, முன்பணம் போயிருக்கிறது. ஒப்பந்தம் பதியாமல் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. பதியும்போது முத்திரைத்தாள் காசும் போய்விடுகிறது. விலகினால் 'கேன்சலேஷன் சார்ஜ்' என்று அதிலேயே கடித்துக்கொள்வார்கள். இந்த வரிசை தானாக அமைந்ததில்லை. முழுத் தொகையை முதல் நாள் சொல்லியிருந்தால் அவர் எழுந்து போயிருப்பார். எழுந்து போக முடியாத நாள் வரை காத்திருந்து சொல்கிறார்கள்.

வங்கி தன் பங்குக்குப் பரிசீலனைக் கட்டணம், வக்கீல் அபிப்பிராயம், மதிப்பீட்டாளர் கூலி என்று எடுத்துக்கொள்ளும். உங்கள் பத்திரத்தை அவர்கள் பெட்டியில் வைத்துக்கொள்வதற்குக் கடன் தொகையில் அரை சதவீதம் முத்திரைத்தீர்வை, பதிவுக் கட்டணம் தனி. கடன் கொடுப்பவருக்குப் பாதுகாப்பு, செலவு வாங்குபவருக்கு. பிறகு இன்சூரன்ஸ்.

"கட்டாயம் இல்ல சார். ஆனா எடுத்துட்டீங்கன்னா ஃபைல் மேல போறப்ப ஈஸியா இருக்கும்."

இரண்டு லட்சம் பிரீமியம். கையில் இல்லையா, கவலை வேண்டாம், கடனோடு சேர்த்துவிடலாம். எட்டரை சதவீத வட்டியில் இருபது வருடத்துக்கு மாதம் 1,736 ரூபாய் வீதம், அந்த இரண்டு லட்சத்துக்கு 4,16,000-க்கு மேல் கட்டி முடிப்பார். 2024 அக்டோபர் முதல் எல்லாச் செலவையும் சேர்த்து உண்மையான ஆண்டு வட்டி விகிதத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. நல்ல உத்தரவு. அந்தத் தாள், கையெழுத்துப் போட வேண்டிய கட்டின் நடுவே எங்கேயோ இருக்கிறது. அதிகாரி பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்த இடங்களில் நாம் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போகிறோம்.

துண்டு விழுந்த பதினொன்றரை லட்சம் எங்கிருந்து வருகிறது? பிஎஃப்பில் கை வைக்கிறார். மனைவியின் நகை அடகுக் கடைக்குப் போகிறது, மாமியார் வளையல் துணைக்குப் போகிறது. ஓய்வு பெற்ற அப்பா, "எனக்கு எதுக்குப்பா இவ்வளவு பணம்" என்று வைப்புநிதியை முறித்துத் தருகிறார், முறித்ததற்கு வங்கி ஒரு சதவீதம் பிடிக்கிறது. மீதிக்குப் பர்சனல் லோன், வீட்டுக்கடனைவிட எக்கச்சக்கமான வட்டிக்கு. கட்டி முடியும் வரை வாடகையும் வட்டியும் ஒன்றாக ஓடும். மழை, மணல், ஆள் பற்றாக்குறை என்று பில்டர் ஒரு வருடம் தள்ளினால், தாமதத்துக்கு ஸ்டேட் வங்கியின் உச்ச கடன் வட்டிக்கு மேல் 2 சதவீதம் சேர்த்து அவர் உங்களுக்குத் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. அதை வாங்க ரியல் எஸ்டேட் ஆணையத்துக்கு நடந்து, உத்தரவு வாங்கி, உத்தரவை வசூலிக்க வருவாய்த் துறைக்கு நடக்க வேண்டும். நடக்கிற நாளில் சம்பளம் போகும். இத்தனையையும் சுமக்கிற மனிதரைத்தான் முன்யோசனை இல்லாதவர் என்று இணைப்பிதழில் எழுதுகிறார்கள்.

சாவி வாங்கிக் கதவைத் திறந்தால் வெறும் சுவர். மாடல் ஃபிளாட்டில் பார்த்த கப்போர்டு, லாஃப்ட், சமையலறைப் பெட்டிகள், கொசுவலை, கிரில் கேட், கீசர், எல்லாம் 'காட்சிக்கு மட்டும்'. தச்சரை அழைத்து வந்தால் உள்வேலைக்கு டெபாசிட் கட்டச் சொல்கிறது நிர்வாகம். பசுவை நாலாவது மாடிக்கு ஏற்ற முடியாது என்பதால், கிரகப்பிரவேசத்தன்று அது கீழே, 3 லட்சம் கொடுத்து 'ஒதுக்கீடு' பெற்ற இடத்தில் நிற்கும். ஸ்கூட்டர் மட்டும் வைத்திருக்கும் குடும்பத்துக்கு அந்த இடம் முழுசாகப் பயன்படும் ஒரே நாள் அதுதான். பிறகு சொத்துவரி. 2022-ல் சென்னையில் வீட்டின் அளவையும் பகுதியையும் பொறுத்து 25 முதல் 150 சதவீதம் வரை உயர்த்தினார்களே, அதே சொத்துவரி. குடிநீருக்கு முன்பே பணம் கட்டியாயிற்று என்று சொல்லிப் பாருங்கள், டேங்கர் லாரிக்காரர் சிரிப்பார். 2019 கோடையில் பழைய மகாபலிபுரம் சாலைக் குடியிருப்புகள் டேங்கரை எதிர்பார்த்து வாசலில் நின்றதை யாரும் மறந்திருக்க முடியாது.

ஐந்து ரூபாய் பிஸ்கட் பொட்டலத்தின் மேல், எல்லா வரிகளும் உட்பட இவ்வளவுதான் என்று அச்சிட வேண்டும். அச்சிடாவிட்டால் குற்றம். கடைக்காரர் காகிதத்துக்கு ஐம்பது பைசா, மாவுக்குத் தனி என்று பிரித்துக் கேட்டால் பெட்டிக்கடை என்றும் பார்க்காமல் வழக்குப் போடலாம். ஒரு மனிதன் வாழ்நாளில் வாங்கும் ஆக விலையுயர்ந்த பொருளுக்கு அந்த ஒரு வரி கிடையாது. ரியல் எஸ்டேட் விளம்பரத்தில் பதிவு எண்ணும் ஆணையத்தின் இணைய முகவரியும் இருக்க வேண்டும் என்று சட்டம் ஏற்கெனவே சொல்கிறது, பில்டர்களும் போடுகிறார்கள். அதற்குப் பக்கத்தில் 'மொத்தம் 81,40,000' என்று இன்னொரு எண்ணைச் சேர்க்கச் சொன்னால் போதும்.

முடியாது என்பார்கள். வரி மாறும், மாடிக்கு மாடி விலை மாறும், பத்திரச் செலவு எங்கள் கையில் இல்லை, எல்லாம் ஆக்சுவல்ஸ் என்பார்கள். டோக்கன் விழுந்த மறு நிமிடம், கிளப் ஹவுஸுக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் ரூபாய் பிசகாமல் கூட்டி, ஜிஎஸ்டி பிரித்துப் போட்டு மெயில் அனுப்பத் தெரிந்த அந்தக் கணினிக்கு, அதையே டோக்கன் வாங்கும் முன் அனுப்ப எது தடை?